பெடாக்விலின்: மருந்துக்கு மசியாத காசநோய்க்காரர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் பேசுவது என் வேலையின் பெரும்பகுதி. ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதிலும் சேர்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

பெடாக்விலின்னா என்ன? எல்லாரும் சாப்பிடற டி.பி. மாத்திரைதானே இதுவும்?

இல்லை. வழக்கமான காசநோய் மாத்திரைகள் பெரும்பாலும் 1950களிலும் 60களிலும் வந்தவை. பெடாக்விலின் முற்றிலும் வேறு வகை. அமெரிக்காவில் 2012 டிசம்பரில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காசநோய்க்கென்று புது வகை மருந்து எதுவும் வரவில்லை.

காசநோய்க் கிருமி தனக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிக்க ஒரு நொதியை நம்பியிருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. நம் செல்களிலும் அதே வேலையைச் செய்யும் நொதி உண்டு. ஆனால் அதை முடக்க இதைப்போல் பல ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படும். இந்த வழியில் வேறு எந்தக் காசநோய் மருந்தும் தாக்குவதில்லை என்பதால், பழைய மருந்துகளுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட கிருமி இதற்கு அடங்குகிறது. அசைவில்லாமல் பதுங்கியிருக்கும் கிருமிகளையும் இது கொல்லும்.

கிருமியிடம் கையிருப்பில் உள்ள ஆற்றல் தீர்ந்த பிறகே அது சாகத் தொடங்கும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். முதல் வாரத்தில் இருமல் குறையவில்லை என்று பயப்பட வேண்டாம்.

எனக்கு எம்.டி.ஆர்.னு சீட்டுல எழுதியிருக்கு. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வேற ஏதோ எழுதியிருக்கு. என்ன வித்தியாசம்?

காசநோய் சிகிச்சைக்குத் தூண்கள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு மருந்துகள். இரண்டுக்குமே கிருமி அடங்காவிட்டால் எம்.டி.ஆர். ரிஃபாம்பிசினுக்கு மட்டும் அடங்காவிட்டாலும் சிகிச்சை ஏறக்குறைய அதேதான். இதோடு லீவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் குடும்பத்துக்கும் அடங்காவிட்டால் ப்ரீ-எக்ஸ்.டி.ஆர். அதற்கும் மேல் பெடாக்விலினோ லினிசோலிடோ வேலை செய்யாத நிலை எக்ஸ்.டி.ஆர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இந்த வரையறைகளை இப்படி மாற்றியது. பழைய கட்டுரைகளில் வேறு மாதிரி இருந்தால் குழம்ப வேண்டாம்.

சாதாரண மருந்துகளுக்கு அடங்கும் காசநோய் என்றால் பெடாக்விலின் வழக்கமாகத் தேவையில்லை. அதற்கு நான்கு மருந்து கொண்ட பழைய சிகிச்சையே நன்றாக வேலை செய்கிறது.

அவ்வளவு நல்ல மருந்துன்னா இதை மட்டும் குடுத்தா போதாதா? ஏன் கைநிறைய மாத்திரை?

காசநோய் நுரையீரலில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றில் சில, எந்த ஒரு மருந்தையும் தாங்கும் மாற்றத்தோடு தற்செயலாகப் பிறந்திருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்துப்போய் அந்தச் சில மட்டும் மிஞ்சிப் பெருகும். இரண்டு மூன்று நல்ல மருந்துகள் ஒரே நேரத்தில் இருந்தால், எல்லாவற்றிலிருந்தும் தப்பும் கிருமி இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

இப்போது பரவலாகக் கொடுக்கும் கூட்டில் பெடாக்விலின், பிரிடோமனிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் உண்டு. காலம் ஆறு மாதம். மாக்ஸிஃப்ளாக்சசின் வேலை செய்யாதவர்களுக்கு மற்ற மூன்று மட்டும். சிலருக்கு ஒன்பது மாதக் கூட்டு, சிலருக்கு இன்னும் நீண்டது. நோய் நுரையீரலில் இருக்கிறதா, மூளையிலோ எலும்பிலோ இருக்கிறதா, முன்பு என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

எங்க மாமாவுக்கு ரெண்டு வருஷம் ஊசி, மாத்திரைன்னு போச்சு. ஆறே மாசத்துல சரியாகும்னு சொன்னா எப்படி நம்பறது?

நியாயமான சந்தேகம்தான். பழைய சிகிச்சை 18 முதல் 24 மாதம் வரை நீளும். பல மாதங்கள் கானமைசின் போன்ற ஊசி தினமும் போட வேண்டும். அந்த ஊசியால் காது நிரந்தரமாகக் கேட்காமல் போனவர்கள் நிறைய. அவ்வளவு சிரமப்பட்டும் குணமானவர்கள் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருப்பார்கள்.

பெலாரஸ், தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தான் நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், மேலே சொன்ன நான்கு மருந்துக் கூட்டை எடுத்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு கிடைத்தது. அதே காலத்தில் வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 52 சதவீதம். அதை அடிப்படையாக வைத்து 2022இல் உலக சுகாதார நிறுவனம் இந்த ஆறு மாதக் கூட்டைப் பரிந்துரைத்தது. மாமாவின் கதை உண்மை. ஆனால் அவர் எடுத்தது வேறு சிகிச்சை.

முதல்ல தினமும் நாலு, அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் ரெண்டு ரெண்டுன்னு சொன்னாங்க. தப்பா எழுதிட்டாங்களோ?

தப்பில்லை. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு இதுதான்: முதல் இரண்டு வாரம் தினமும் 400 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை நான்கு. பிறகு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 200 மில்லிகிராம். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மற்ற மருந்துகளைத் தினமும் எடுக்க வேண்டும் என்பதால் இங்கேதான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். "இன்று பெடாக்விலின் இல்லாத நாள்" என்றால் மருந்தே இல்லாத நாள் என்று பொருள் இல்லை.

இந்த மருந்து உடலின் திசுக்களுக்குள் போய் ஒட்டிக்கொண்டு மிக மெதுவாக வெளியேறும். அதனால் முதலில் நிரப்பிவிட்டு, பிறகு குறைந்த அளவில் தக்கவைத்தால் போதும். எட்டு வாரம் தினமும் 200, பிறகு தினமும் 100 என்ற இன்னொரு முறையும் உண்டு. இன்னொருவர் சீட்டில் அப்படி இருந்தால் உங்களுடையது தவறு என்று அர்த்தமில்லை.

வெறும் வயித்துல போடணுமா, சாப்பிட்டா?

சாப்பிட்டுவிட்டு. உணவோடு எடுத்தால் உடலில் சேரும் மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பழைய டி.பி. மாத்திரைகளை வெறும் வயிற்றில் எடுத்துப் பழகியவர்கள் இதையும் அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். மாத்திரை உள்ளே போயிருக்கும், பாதி மருந்து வீண்.

இதைச் சாப்பிட்டா ஹார்ட் நின்னுடுமாமே? ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னதுமே பயமாயிடுச்சு.

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகச் சிறிது நேரம் எடுக்கும். ஈ.சி.ஜி. தாளில் அந்த நேரத்தைக் க்யூ.டி. இடைவெளி என்பார்கள். பெடாக்விலின் அதைச் சற்று நீட்டுகிறது. முதல் ஆய்வுகளில் 24 வாரத்தில் சராசரியாக 15 மில்லிசெகண்ட் அளவுக்கு நீண்டது. பெரும்பாலானவர்களுக்கு இதனால் எதுவும் நேர்வதில்லை, தெரியவும் தெரியாது. இடைவெளி மிக அதிகமாக நீண்டால் மட்டும் துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரலாம். அரிதாக உயிருக்கும் ஆபத்து.

பயந்தவர்களிடம் நான் சொல்வது: இந்த ஆபத்து அறிகுறி காட்டும் முன்பே தாளில் தெரிந்துவிடுகிறது. சிகிச்சை தொடங்கும் முன், இரண்டு வாரத்தில், பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளில் ஈ.சி.ஜி. எடுப்பது அதற்காகத்தான். துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திக் கணக்கிட்ட க்யூ.டி. 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைப்பார்கள். இரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் குறைந்தாலும் இடைவெளி நீளும் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள். பல நேரங்களில் பொட்டாசியத்தைச் சரிசெய்தாலே ஈ.சி.ஜி.யும் இறங்கிவிடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்து இருந்தால் உடனே சொல்லச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

முன்பே இதயத் துடிப்புக் கோளாறு, இதயச் செயலிழப்பு, தைராய்டு குறைவு இருந்தாலோ, குடும்பத்தில் யாராவது காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தாலோ, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மயக்கம், படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வருவது ஆகியவற்றுக்கு அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது.

இந்த மருந்து சாப்பிட்டவங்கதான் அதிகமா செத்தாங்கன்னு நெட்ல படிச்சேன். மறைக்கறாங்களா?

மறைக்கவில்லை. மருந்துடன் வரும் தாளிலேயே எச்சரிக்கையாக அச்சிட்டார்கள். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் பெடாக்விலின் எடுத்த 79 பேரில் 10 பேர் இறந்தார்கள். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு மற்ற மருந்துகளை எடுத்த 81 பேரில் 2 பேர். கேட்டால் யாருக்கும் திடுக்கிடும். அதே ஆய்வில் 120 வாரத்தில் குணமானவர்கள் பெடாக்விலின் பக்கம் 58 சதவீதம், மறுபக்கம் 32 சதவீதம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த 10 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். பாதி காசநோயாலேயே நேர்ந்தவை. ஒன்று சாலை விபத்து, ஒன்று மது நஞ்சானது. மருந்தை எடுத்துக்கொண்டிருந்த 24 வாரத்துக்குள் நேர்ந்தது ஒன்றுதான். இதயம்தான் காரணம் என்று சொல்லும்படி எந்த ஒழுங்கும் தெரியவில்லை. ஆனாலும் எண்ணிக்கை வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது என்பதால் எச்சரிக்கை வைத்தார்கள். அது சரியான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. 160 பேரை வைத்து யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

பதில் பிறகு வந்தது. தென்னாப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை சிகிச்சை எடுத்த சுமார் 19,600 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, பெடாக்விலின் எடுத்தவர்களில் 12.6 சதவீதமும் எடுக்காதவர்களில் 24.8 சதவீதமும் இறந்திருந்தார்கள். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல, யாருக்குக் கொடுப்பது என்று மருத்துவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் போயின. அமெரிக்காவில் நிபந்தனையோடு இருந்த அனுமதி 2024இல் முழு அனுமதியானது.

கால் மரத்துப்போகுது, தோல் கறுக்குது, மூட்டு வலிக்குது. எல்லாம் இந்தப் பெடாக்விலினாலதானே?

பெயர் புதிதாக இருப்பதால் எல்லாப் பழியும் இதன் தலையில் விழுகிறது. பெடாக்விலினால் வரக்கூடியவை குமட்டல், தலைவலி, மூட்டுவலி, கல்லீரல் அளவுகள் ஏறுவது, மேலே சொன்ன ஈ.சி.ஜி. மாற்றம். கால் எரிச்சலும் மரத்துப்போவதும் பெரும்பாலும் லினிசோலிட் வேலை. இரத்த அணுக்கள் குறைந்து சோர்வு வருவதும், சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரிவதும் அதனால்தான். மூன்று மருந்துக் கூட்டின் முதல் ஆய்வில் லினிசோலிட் தினம் 1200 மில்லிகிராம் கொடுத்தபோது 81 சதவீதம் பேருக்கு நரம்புக் கோளாறு வந்தது. இப்போது 600 தான் தொடக்க அளவு. தோல் கறுப்பது குளோஃபசிமின் என்ற இன்னொரு மருந்தை எடுப்பவர்களுக்கு வரும், நிறுத்தியபின் பல மாதங்களில் மெல்ல மறையும்.

இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது முக்கியம். கால் மரத்துப்போனதற்குப் பெடாக்விலினை நிறுத்தினால் காலும் சரியாகாது, சிகிச்சையும் போய்விடும். மரத்துப்போவதையும் கண் மங்குவதையும் ஆரம்பத்திலேயே சொன்னால் லினிசோலிட் அளவைக் குறைத்தோ இடையில் நிறுத்தியோ சமாளிப்பார்கள். தள்ளிப்போட்டால் நிரந்தரமாகிவிடலாம்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப்போவது, பசியே இல்லாமல் வலது விலாவுக்குக் கீழே வலிப்பது ஆகியவை கல்லீரலின் குரல். பெடாக்விலின், பிரிடோமனிட் இரண்டுமே அதற்குக் காரணமாக இருக்கலாம். அன்றே போங்கள்.

வாந்தி வருது. கடையில ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கலாமா?

வேண்டாம். கடையில் சட்டென்று கொடுக்கும் ஆண்டான்செட்ரான், டோம்பெரிடோன் இரண்டுமே க்யூ.டி. இடைவெளியை நீட்டக்கூடியவை. பெடாக்விலினும் நீட்டும், மாக்ஸிஃப்ளாக்சசினும் நீட்டும். மூன்றும் ஒன்றாகச் சேர்வதை மருத்துவர் தெரிந்தே செய்யலாம், நீங்கள் தெரியாமல் செய்யக் கூடாது. சளிக்கு வாங்கும் அசித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளுகோனசோல், மனநலத்துக்கான சில மருந்துகள் ஆகியவையும் இதே பட்டியலில் வரும்.

இன்னொரு பக்கம், ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்றவை பெடாக்விலினைக் கல்லீரலில் வேகமாக உடைத்து அதன் அளவைக் குறைத்துவிடும். மூலிகைப் பொடி, கஷாயம் எதையும் சொல்லாமல் எடுக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்தக் கடைக்கு, எந்த மருத்துவரிடம் போனாலும் மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள்.

கொஞ்சமா குடிச்சா பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கல்லீரலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

ஒரு நாள் மறந்துட்டேன். அடுத்த நாள் சேர்த்துப் போட்டுக்கட்டுமா?

முதல் இரண்டு வாரத்துக்குள் என்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கம்போல் தொடருங்கள். மூன்றாம் வாரம் முதல் என்றால், நினைவு வந்ததும் உணவோடு எடுத்துக்கொண்டு பழைய ஒழுங்குக்குத் திரும்பலாம். இரண்டு வேளைக்கு இடையில் குறைந்தது 24 மணி நேரம் இருக்க வேண்டும். ஏழு நாளில் மொத்தம் 600 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தினமும் 100 அல்லது 200 எடுக்கும் முறையில் இருப்பவர்கள் தங்கள் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல நாள் விட்டுவிட்டால் நீங்களாகத் தொடங்காமல் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். திட்டு விழும் என்று மறைத்தவர்களைத்தான் பிறகு சரிசெய்வது கடினமாகிறது.

நான் முழுகாம இருக்கேன். குழந்தைக்கு ஆபத்தா?

கர்ப்பத்தில் சிகிச்சையே எடுக்காமல் விடுவது தாய்க்கும் குழந்தைக்கும் பெரிய ஆபத்து. அதில் சந்தேகமில்லை. பெடாக்விலின் எடுத்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளைத் தென்னாப்பிரிக்காவில் கவனித்தபோது, எடை குறைவாகப் பிறந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள், ஆனால் ஒரு வயதுக்குள் நன்றாக எடை ஏறினார்கள். பிரிடோமனிட் உள்ள கூட்டைக் கர்ப்பத்தில் தருவதில்லை. அதற்குப் பதிலாகப் பெடாக்விலினோடு வேறு மருந்துகள் சேர்ந்த கூட்டு உண்டு. தாய்ப்பாலில் பெடாக்விலின் நிறையவே போகும். பால் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் குழந்தை நல மருத்துவரையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அஞ்சு வயசுக் குழந்தைக்கு இதைக் குடுக்கலாமா?

கொடுக்கலாம். 2022 முதல் எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைக்கிறது. அளவு எடையையும் வயதையும் பொறுத்தது. தண்ணீரில் கரைக்கும் 20 மில்லிகிராம் மாத்திரை உண்டு. பிரிடோமனிட் சேர்ந்த ஆறு மாதக் கூட்டு மட்டும் 14 வயதுக்குக் கீழே இல்லை.

எச்.ஐ.வி. மருந்தும் சாப்பிடறேன். ரெண்டும் ஒத்துப்போகுமா?

டொலுடெக்ராவிர் என்றால் பிரச்சினை இல்லை. எஃபாவிரென்ஸ் பெடாக்விலின் அளவைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால் அதை முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள். ரிட்டோனவிர் சேர்ந்தவை அளவைக் கூட்டும், அப்போது ஈ.சி.ஜி.யை இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள்.

மூணு மாசத்துல சளி சுத்தமாயிடுச்சு, எடையும் ஏறிடுச்சு. இன்னும் எதுக்கு மாத்திரை?

சளியில் கிருமி வளரவில்லை என்றால் வெளியே வரும் கிருமி குறைந்துவிட்டது என்றுதான் பொருள். நுரையீரல் குழிகளுக்குள் பதுங்கியவை இன்னும் இருக்கும். பாதியில் விடுவது எந்தக் காசநோய் சிகிச்சையிலும் தவறு. பெடாக்விலினில் அது இரட்டைத் தவறு.

உடலில் உள்ள பெடாக்விலின் பாதியாகக் குறையவே ஐந்தரை மாதம் வரை ஆகும். லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் போன்றவை ஓரிரண்டு நாளில் காலி. எல்லா மாத்திரையையும் இன்று நிறுத்தினால், சில நாட்களுக்குப் பிறகு மாதக்கணக்கில் உங்கள் உடலில் பெடாக்விலின் மட்டும் தனியாக, கொல்லப் போதாத அளவில் நின்றுகொண்டிருக்கும். ஒரே மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று மூன்றாவது கேள்வியில் சொன்னேனே, அதே நிலைமை. வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்ற வசதியைத் தந்த அதே குணம் இங்கே எதிராகத் திரும்புகிறது. ஒத்துக்கொள்ளவில்லை என்று மற்ற மாத்திரைகளை மட்டும் ரகசியமாகக் குப்பையில் போட்டாலும் விளைவு இதுதான். சிகிச்சையை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், எதை முதலில் நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் திட்டமிட வேண்டும்.

பெடாக்விலினுக்கும் கிருமி மசியலைன்னா அப்புறம் என்ன?

அப்படியும் நடக்கிறது. கிருமியின் ஒரு ஜீனில் மாற்றம் வந்தால், உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்ப் அதிகமாக வேலை செய்யும். அந்தப் பம்ப் குளோஃபசிமினையும் தள்ளிவிடும். பெடாக்விலினைத் தொடாதவருக்கும், முன்பு குளோஃபசிமின் எடுத்திருந்தால், இந்த எதிர்ப்பு இருக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பைச் சொல்லும் துரிதப் பரிசோதனை பெடாக்விலினைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்குக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். மரபணு வரிசையைப் படிக்கும் புதுப் பரிசோதனைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. நான்காம் மாதத்திலும் சளியில் கிருமி வளர்ந்தால் "பெடாக்விலினுக்குச் சோதித்தீர்களா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எதிர்ப்பு உறுதியானால் வேறு மருந்துகளால் நீண்ட சிகிச்சை. முடியும், ஆனால் எளிதல்ல.

வீட்ல இருக்கறவங்களுக்கும் இதையே தடுப்பு மருந்தாக் குடுத்துடலாமே?

கூடாது. அவர்களுக்கு நோயே இல்லாதபோது ஒரு மாத்திரை பங்கு போட்டுக்கொடுத்தாலும் உங்கள் சிகிச்சை குறையும், அவர்களுக்கும் பலன் இல்லை. முதலில் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லையென்று தெரிந்தால் தினமும் லீவோஃப்ளாக்சசின் ஆறு மாதம் கொடுக்கலாம் என்று 2024இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் கிருமி அந்த மருந்துக்கு அடங்குமா என்பதைப் பொறுத்தே அது பலன் தரும். அதனால் உங்கள் பரிசோதனை முடிவின் நகலை அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள்.

சிகிச்சை முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப வேற நோய்க்கு டாக்டர்கிட்ட போனா இதைச் சொல்லணுமா?

சொல்ல வேண்டும். ஐந்தரை மாதக் கணக்கு இங்கேயும் பொருந்தும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் மருந்து உடலில் இருப்பதால், வாந்தி மாத்திரைக்கான பதிலில் சொன்ன க்யூ.டி. மருந்துகளைப் பற்றிய கவனம் இன்னும் சில மாதங்களுக்குத் தேவை. எந்தத் தேதியில் பெடாக்விலினை முடித்தீர்கள் என்று சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.